உறக்க ஆலோசகரின் ரயில் டிக்கெட்

என் அக்கா வீட்டுக்காரரின் விசிட்டிங் கார்டில் ‘உறக்க ஆலோசகர்’ என்று அச்சடித்திருக்கும். மெத்தைக் கடை விற்பனையாளர் என்று போட்டால் கௌரவமாக இல்லை என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. சம்பளத்தை ஏற்றுவதைவிட கார்டு அடிப்பது மலிவு. கடையில் இன்னும் மூன்று பேருக்கும் அதே கார்டு கிடைத்தது. அவர்கள் அதை ஆடும் மேஜைக்காலுக்கு அடியில் மடித்து வைத்தார்கள். அத்தான் ஒருவர்தான் அதை நம்பினார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவர் ஆலோசகர். முகத்துக்கு நேரே அத்தான், முதுகுக்குப் பின்னால் ஆலோசகர். அக்காகூட சில சமயம் வாய் தவறி, “ஆலோசகர் குளிச்சுட்டாரா பாரு” என்று சொல்லிவிடுவாள். அவர் காதில் விழுந்தாலும் கோபப்பட மாட்டார். ஊர் தன் தகுதியைப் புரிந்துகொண்டது என்று நினைத்துக்கொள்வார்.

தொழிலில் ஆள் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மெத்தைக் கடைக்கு வருகிறவர்கள் மெத்தையில் படுக்கக் கூச்சப்படுவார்கள். ஓரமாக உட்கார்ந்து, உள்ளங்கையால் இரண்டு அமுக்கு அமுக்கி, விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அத்தான் விடமாட்டார். கால்மாட்டில் செருப்புக்காக ஒரு ரெக்சின் துண்டை விரித்து, “கூச்சப்படாம படுங்க சார், வாங்கறதுக்கு முன்னாடி படுக்கறது உங்க உரிமை” என்பார். அதற்கும் மசியவில்லை என்றால் தானே பக்கத்து மெத்தையில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக் காட்டுவார். காட்டுவது என்ன, நிஜமாகவே தூங்கிவிடுவார். வாயைத் திறந்து குறட்டையும் விடுவார். அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் மறுபேச்சில்லாமல் பில் போடச் சொல்லிவிடுவார்கள். முதலாளி அவரை வேலையில் வைத்திருப்பதே அந்தக் குறட்டைக்காகத்தான்.

கணவன் மனைவியாக வந்தால் அவரிடம் இன்னொரு வித்தை இருக்கிறது. கணவனை விட்டுவிட்டு அந்த அம்மாவிடம் முதலில் கேட்பார்.

“அம்மா, நீங்க ஒருக்களிச்சுத் தூங்குவீங்களா, மல்லாந்தா, குப்புறவா?”

அந்த அம்மாக்கள் அப்படியே நெகிழ்ந்துபோவார்களாம். ஒருத்தி, “இத்தனை வருஷத்துல என்கிட்ட இதை யாருமே கேட்டதில்ல” என்று கண் கலங்கி, இருந்ததிலேயே தடிமனான மெத்தையாக வாங்கிப் போனாளாம். இதை அத்தான் வீட்டில் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னார். அக்கா அவர் தட்டில் இரண்டாவது தடவை பரிமாறிக்கொண்டிருந்தாள். “அப்படியா” என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் வீட்டில் ஒரே ஒரு மெத்தை. கம்பெனி மாதிரிக்கு அனுப்புவது, சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். அத்தான் அதில் தனியாகப் படுப்பார். இன்னொரு ஆளும் படுத்தால் டெஸ்ட் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. அக்கா சமையலறை வாசலில் ஒரு ஜமுக்காளத்தை விரித்துக்கொள்வாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் மாத்திரை வேண்டுமென்றாலும் அங்கிருந்து எழுந்து வருவது சுலபம். யாருக்குச் சுலபம் என்று நான் ஒருநாள் கேட்டேன். அக்கா என்னைக் கண்ணாலேயே அடக்கினாள்.

இப்படி ஊருக்கே தூக்கம் விற்றுக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டி வந்தது.

அவர்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகி வெகுதூரம் போய்விட்டவள். ரயிலில் இரண்டு ராத்திரி, ஒரு பகல். அந்த ஊருக்கு நேராகப் போகும் வண்டியோ வாரத்துக்கு ஒன்றுதான். பிரயாணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டதால் தலைப்பிரசவம் அங்கேதான், நாளும் சொல்லிவிட்டார்கள் என்று போன் செய்தாள். மாப்பிள்ளை நல்ல பையன். ஆனால் விரலில் ஊசி குத்தினாலே மயங்கி விழுகிற ரகம். பிரசவ ஆஸ்பத்திரியில் அவனையும் சேர்த்து யார் பார்த்துக்கொள்வது?

“அம்மா, நீ முன்னாடியே வந்துடணும். நீ வந்தாத்தான் எனக்குத் தைரியம்” என்றாள்.

விமானத்தில் போகலாம் என்றால் அக்காவுக்குக் காதில் ஆபரேஷன் ஆகியிருந்தது. டாக்டர் கூடாது என்றுவிட்டார். அத்தானுக்கு டாக்டர் தேவையில்லை. உட்கார்ந்துகொண்டு போகிற எதையும் அவர் பிரயாணமாகவே மதிப்பதில்லை.

அக்கா போனை வைத்த கையோடு சொன்னாள். “ஸ்லீப்பர்ல ரெண்டு டிக்கெட் போட்டுடுங்க. ஜன்னல் திறந்திருக்கும், காத்து வரும். போதும்.”

அத்தான் சிரித்தார். கடையில் யாராவது, ஏதோ ஒரு மெத்தை கொடுங்கள் என்று கேட்டால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

“எடுத்தோம் கவிழ்த்தோம்னு போடற விஷயமா இது? ரெண்டு ராத்திரி முதுகு சம்பந்தப்பட்டது. நல்லா யோசிச்சுப் போடணும்.”

யோசிக்க ஆரம்பித்தார். ஏசி முதல் வகுப்பு என்றால் கதவு போட்ட அறை, ஆனால் கூட வருகிறவர் குறட்டை விட்டால் தப்பிக்க வழியில்லை. இதை அவர் சொன்னபோது நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டோம். இரண்டடுக்கு ஏசியில் திரைச்சீலை உண்டு, போர்வை தருவார்கள். போர்வையை எப்போது துவைத்தார்கள் என்பதை மட்டும் தரமாட்டார்கள். மூன்றடுக்கு ஏசியில் நடுப் படுக்கைக்காரன் எழுந்தால்தான் கீழ்ப் படுக்கைக்காரன் நிமிர்ந்து உட்கார முடியும். சாதா ஸ்லீப்பரில் காற்று வரும், காற்றோடு தூசியும் வரும், தூசியோடு கடலைக்காரனும் வருவான். எல்லாவற்றிலும் கேவலம் நடைபாதை ஓரத்துப் படுக்கை என்றார். இரண்டு இருக்கையை மடக்கிச் சேர்ப்பது அது. நடுவில் இருக்கிற பிளவு சரியாக இடுப்புக்குக் கீழே வரும்.

“விரோதிக்குக்கூட அதைச் சிபாரிசு பண்ண மாட்டேன்” என்றார்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கூடத்தில் பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதன்மேல் படுத்திருந்தார். கையில் இஞ்ச் டேப்.

“வந்துட்டியா மச்சான், அந்த முனையைப் பிடிச்சுக் கொஞ்சம் ஆட்டு.”

ஆட்டினேன்.

“இன்னும் வேகமா. இது எக்ஸ்பிரஸ்.”

வியர்க்க விறுவிறுக்க ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “இப்ப ஸ்டேஷன் வருது, மெதுவா… நிறுத்து… ம், இடுப்புல பிடிக்குது” என்று அறிக்கை வாசித்தார். பிறகு மேல் படுக்கையைப் பரிசோதிக்க வேண்டும் என்று பரணில் ஏறினார். அங்கே பழைய பாத்திரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இறங்கத் தெரியாமல் விழித்ததையும், நானும் அக்காவும் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்ததையும் விவரிக்க எனக்கு மனமில்லை. மேல் படுக்கை அன்றோடு பட்டியலிலிருந்து தூக்கப்பட்டது.

பாத்திரங்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே அக்கா கேட்டாள். “எனக்கு எது போடப்போறீங்க?”

“உனக்கு என்ன? நீ எங்க போட்டாலும் தூங்கிடுவே.”

அக்கா ஒரு அண்டாவை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கொஞ்சம் சத்தமாக வைத்தாள். எனக்கு அந்த நிமிஷம் அவரை மறுபடியும் பரணில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது. அத்தான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

நாள் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூட விடுமுறை நெருங்கியது. டிக்கெட் வேகமாகத் தீர்கிறது என்று போனில் காட்டினேன். “கையால அமுக்கிப் பாக்காம நான் எதையும் வாங்கறதில்ல மச்சான்” என்றார். கடைசியில் அக்கா அவர் முன்னால் வந்து நின்று, “பிரசவத்துக்கு முன்னாடி இனிமே அடுத்த வாரத்து வண்டி ஒண்ணுதான் இருக்கு. அதுல இடம் இருக்கா இல்லையா?” என்று கேட்டபோது ஒரு முடிவுக்கு வந்தார். முடிவு டிக்கெட் எடுப்பதல்ல. வண்டியைப் பார்ப்பது.

“இன்னைக்கு அந்த வண்டி பிளாட்பாரத்துல வந்து நிக்கும். கிளம்ப நேரமாகும். உள்ள ஏறி எல்லா கிளாஸையும் ஒரு தடவை படுத்துப் பாத்துட்டு, அப்படியே கவுண்டர்ல அடுத்த வாரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு வந்துடறேன். மச்சான் வரிசையில நிக்கட்டும்.”

ஆக, நான் வரிசையில் நின்றேன். அவர் டேப்போடு பிளாட்பாரத்துக்குப் போனார்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா தலையைத் தூக்காமல் கேட்டார். “எந்த கிளாஸ்?”

“இப்ப சொல்லிடுவார் மேடம். வந்துட்டே இருக்கார்.”

“யாரு?”

“ஆலோசகர்.”

அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். “தள்ளி நில்லுங்க” என்றார்.

தள்ளி நின்றேன். அத்தானுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்களெல்லாம் என் கண்ணெதிரே கை நிறைய டிக்கெட்டோடு போனார்கள். ஸ்லீப்பர் என்று சொல்லி நானே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருந்தால் அவர் இருக்கும்வரை வருகிற ஒவ்வொரு இடுப்பு வலிக்கும் நான்தான் ஜவாப்தாரி. அவர் வீட்டுக்குப் பெண் கொடுத்தவனுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. கவுண்டரை இழுத்து மூடினார்கள். பிளாட்பாரத்துக்கு ஓடினேன். வண்டி நின்ற இடத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. வண்டியைக் காணோம். ஆலோசகரையும் காணோம்.

நடந்தது இதுதான். முதல் வகுப்பில் ஏறியவரை அட்டெண்டர் இறக்கிவிட்டிருக்கிறார். இரண்டடுக்கிலும் மூன்றடுக்கிலும் படுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு சாதா ஸ்லீப்பருக்கு வந்திருக்கிறார். விரோதிக்கும் சிபாரிசு செய்யாத அந்த நடைபாதை ஓரத்துப் படுக்கை காலியாக இருந்திருக்கிறது. அதன் கேவலத்தை நேரில் உறுதிசெய்துகொள்ளலாமே என்று, கடையில் செய்கிற மாதிரியே செருப்பைக் கழற்றி, கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடியிருக்கிறார். அவ்வளவுதான். தொழில் பழக்கம். வண்டி கிளம்பியது தெரியாது. நான் போன் போட்டபோது நெஞ்சில் ஏதோ அதிர்ந்ததாம். தண்டவாளத்தின் அதிர்வு என்று தூக்கத்திலேயே மதிப்பெண் போட்டாராம். டிக்கெட் பரிசோதகர் தோளைத் தட்டி எழுப்பும்போது இரண்டு மாவட்டம் தாண்டியிருந்தது.

“டிக்கெட்?”

“எடுக்கத்தான் சார் வந்தேன்.”

பரிசோதகருக்கு எத்தனையோ சாக்கு கேட்டுப் பழக்கம். படுக்கையைப் படுத்துப் பார்க்க ஏறினேன் என்பதை அன்றுதான் கேட்டிருப்பார். இவர் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டியிருக்கிறார். பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டு அபராதத்தோடு ஒரு முறைப்பும் சேர்த்துக் கொடுத்து, அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருக்கிறார். மறுநாள் காலை பேருந்தில் வந்து சேர்ந்தார். உட்கார்ந்துகொண்டே.

வந்தவர் முன்னால் அக்கா டம்ளரில் டீயை வைத்தாள். நான்தான் வயிற்றெரிச்சலில் கேட்டேன். “எப்படி இருந்துது அத்தான், அந்தப் படுக்கை?”

அவர் டீயைப் பார்த்துக்கொண்டே, “அதை விடு” என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். பேருந்தில் வந்தும் அந்தக் களை போகவில்லை.

அன்று கவுண்டர் திறந்தபோது அடுத்த வாரத்து வண்டியில் எல்லா வகுப்பும் நிரம்பியிருந்தது. காத்திருப்போர் பட்டியலே ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகை அளவுக்கு இருந்தது. அத்தான் கொஞ்சமும் கலங்கவில்லை.

“அதுக்கடுத்த வாரம் போலாம். அதுக்குள்ள ஒரு தெளிவும் கிடைக்கும்.”

“அதுக்கடுத்த வாரம் குழந்தை பிறந்திருக்கும்” என்றாள் அக்கா.

“தலைப்பிரசவம், நாலு நாள் தள்ளித்தான் போகும். அவசரப்படக் கூடாது.”

அன்று சாயங்காலம் பெண் போன் செய்தாள். தள்ளிப்போகாது, முன்னாடியே ஆகலாம் என்று டாக்டர் சொல்கிறார் என்றாள். “டிக்கெட் எடுத்தாச்சாம்மா?” என்று கேட்டாள். அக்கா, “எடுத்தாச்சுடி, வந்துடறேன்” என்றாள். என் அக்கா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு முகம் கழுவினாள், செருப்பைப் போட்டாள், “வாடா” என்றாள். கூடத்தில் அத்தான் புது மாதிரி மெத்தையில் டெஸ்டில் இருந்தார்.

வரிசையில் அக்கா முன்னால், நான் பின்னால். கண்ணாடிக்குப் பின்னால் அதே அம்மா. என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“எந்த கிளாஸ்?”

“எதுவா இருந்தாலும் சரி” என்றாள் அக்கா. நாளைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். “என் பொண்ணுக்குப் பிரசவம்.”

அந்த அம்மா விசைப்பலகையைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி தட்டினார். “இருங்க, லேடீஸ் கோட்டாவுல இப்பதான் ஒருத்தங்க கேன்சல் பண்ணியிருக்காங்க. ஒண்ணே ஒண்ணு இருக்கு. சாதா ஸ்லீப்பர். நடைபாதை ஓரம், மேல் படுக்கை. கழிவறைப் பக்கம். பரவாயில்லையா?”

“அந்த ஊருக்குப் போகும்ல?”

“வண்டி போகுதே.”

“போடுங்க.”

பல வாரத்து ஆராய்ச்சி அங்கே முடிந்தது. திரும்பி வரும் வழியில் அக்கா டிக்கெட்டை நாலு தரம் பிரித்துப் பார்த்தாள். அவள் பெயர் மட்டும் அச்சடித்த டிக்கெட்டை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

அத்தானுக்கு அதிர்ச்சி. அக்கா தனியாகப் போவதில் அல்ல, படுக்கை எண்ணில். “கழிவறைப் பக்கமா? மேலயா? ஓரமா? மூணும் சேர்ந்தா?” என்று, சாவு செய்தி கேட்டவர் போலத் தலையில் கை வைத்துக்கொண்டார். நீங்களும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் உட்கார்ந்து கூடப் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். “உட்கார்ந்தா? ரெண்டு ராத்திரியா?” என்று என்னைக் கேட்டார். நான் சொல்லியிருக்கவே கூடாது.

கிளம்புகிற நாள் அவரும் ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுத் தலையணை. கடையிலிருந்து மாதிரிக்கு வந்தது. அக்கா பையை மேலே வைத்துவிட்டுக் கீழே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் தலையணையை ஜன்னல் கம்பிக்கு இடையே திணிக்கப் பார்த்தார்.

“வேண்டாம்” என்றாள் அக்கா. “நீங்களே வச்சுக்குங்க. இன்னொரு ஆள் படுத்தா டெஸ்ட் கெட்டுடும்.”

அவர் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிளாட்பாரத்தில் எல்லோரும் மனிதர்களைக் கட்டிப்பிடித்து வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதினார்கள். எதையாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பெண்களிடம் சொல்லிப் பழகியது ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது. ஜன்னலுக்குக் குனிந்தார்.

“மேல் படுக்கை அகலம் கம்மி. பாத்துப் படு. நீ… ஒருக்களிச்சுத் தூங்குவியா, மல்லாந்தா?”

அக்கா அவரையே பார்த்தாள். கேலி செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் நிஜமாகவே யோசித்தாள்.

“தெரியலயே” என்றாள். “படுத்துப் பாத்துட்டு சொல்றேன்.”

வண்டி நகர்ந்தது. அத்தான் கூடவே நாலு எட்டு நடந்தார், தலையணையோடு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாருக்காக என்று கேட்டால் அக்காவுக்காகத்தான். அவருக்காகக் கொஞ்சம் துடைத்திருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அக்கா போய்ச் சேர்ந்த மறுநாளே பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளை எதிர்பார்த்தபடியே மயங்கி விழுந்து, பக்கத்துக் கட்டிலில் படுக்கவைக்கப்பட்டான். அக்கா இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொண்டாள். எல்லாம் அடங்கியபின் எனக்குப் போன் செய்தாள். பிரயாணம் எப்படி என்று கேட்டேன். கீழே இருந்த ஒரு காலேஜ் பெண், “ஆன்ட்டி, நான் மேல போறேன், நீங்க கீழ படுங்க” என்று கெஞ்சியிருக்கிறாள். அக்கா மாட்டேன் என்றிருக்கிறாள்.

“ஏன்க்கா? உனக்கு முட்டி வலி வேற.”

“மேல ஏறிப் படுத்துட்டா தண்ணி எங்க, மாத்திரை எங்கன்னு யாரும் வந்து எழுப்ப முடியாதுல்ல?” என்றாள். “ரெண்டு ராத்திரியும் முழுசாத் தூங்கினேன்டா. நான் குப்புறப் படுக்கறவடா. எனக்கே இப்பதான் தெரியுது.”

அத்தான் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டு கடைக்குப் போய்வருகிறார். மாத்திரை எங்கே என்று எனக்குத்தான் போன் வருகிறது. எனக்கு எப்படித் தெரியும்? கடையில் இப்போதெல்லாம் அவர் படுத்துக் காட்டினால் தூக்கம் வருவதில்லை என்று முதலாளி குறைபட்டுக்கொண்டாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும்போதே அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பேத்தி அழுவது கேட்டது. சுகமெல்லாம் விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“திரும்பி வர்றதுக்கு டிக்கெட் போடணும். எந்த கிளாஸ் போடட்டும்? நீயே சொல்லு. நீ எது சொன்னாலும் போட்டுடறேன்.”

மனிதர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். அந்தப் பக்கம் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் வந்தது. பிறகு அக்கா சொன்னாள். கோபமே இல்லாத குரல், நன்றாகத் தூங்கி எழுந்தவள் குரல்.

“இப்ப என்ன அவசரம்? ரெண்டு ராத்திரி முதுகு சம்பந்தப்பட்டது. நல்லா யோசிச்சுப் போடுங்க.”